கஞ்சாவுக்குத் தராசு மட்டும் போதுமா?

மலேசியச் சட்டம் கஞ்சாவைப் பார்த்து இரண்டே கேள்விதான் கேட்கும். இது கஞ்சாதானா? எத்தனை கிராம்? போலீஸ் பிடித்த பொட்டலம் முத்திரையோடு இரசாயனத் துறைக்குப் போகிறது. அங்கே பிசின் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், எடை போடுகிறார்கள், அறிக்கை எழுதுகிறார்கள். 1952-ஆம் ஆண்டின் அபாயகர போதைப்பொருள் சட்டத்துக்கு அதற்கு மேல் தெரிய வேண்டியதில்லை. 50 கிராம் ஆனால் குறைந்தது 5 ஆண்டு சிறையும் 10 பிரம்படியும். 200 கிராம் ஆனால் வைத்திருந்தவர் கடத்தல்காரர் என்றே அனுமானம். 2023 ஜூலையில் கட்டாய மரண தண்டனை நீங்கியது. நீதிபதி நினைத்தால் தூக்கு இன்றும் உண்டு.

அந்தப் பொட்டலத்தில் ஈயம் இருந்ததா, பூஞ்சணம் பிடித்திருந்ததா, எந்தப் பூச்சிமருந்து அடித்து வளர்த்தார்கள் என்பதெல்லாம் தண்டனைக்கு வேண்டாத விவரம். ஆனால் அதைப் புகைத்தவனுக்கும், மருந்தென்று நம்பிக் குடித்தவனுக்கும், குடித்தவனைப் பெற்றவளுக்கும் அந்த விவரம்தான் வேண்டும்.

கஞ்சாவைக் கடையில் விற்க அனுமதி கேட்டு நான் இதை எழுதவில்லை. மலாக்காத் தோட்டப்புறத்தில் சம்சு என்ற மலிவுச் சாராயம் என்ன செய்தது என்று தெரிந்த எவனும் இன்னொரு போதைக்குக் கொடி பிடிக்க மாட்டான். நான் கேட்பது வேறு. தாய்லாந்து எல்லை, வேப் கடை, வலிப்பு வந்த பிள்ளைக்காக இணையத்தில் எண்ணெய் தேடும் குடும்பம் என்று மூன்று வழியாக இந்தப் பொருள் ஏற்கெனவே நம் வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் பொறுப்பு யாருடையது?

முதலில், இந்தச் செடியை ஏன் தனியாகச் சோதிக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். கஞ்சாச் செடி மண்ணிலுள்ள கன உலோகங்களை நன்றாக உறிஞ்சும். கெட்டுப்போன நிலத்தைச் சுத்தம் செய்ய அதே இனத்தைச் சேர்ந்த ஹெம்ப் சணலை நட்டுப் பார்க்கும் அளவுக்கு உறிஞ்சும். ஈயமும் காட்மியமும் இலையிலும் பூவிலும் ஏறிவிடும். பூ அடர்த்தியானது, ஈரம் தங்கும், பூஞ்சணம் பிடிக்கும். அஸ்பர்ஜிலஸ் என்ற பூஞ்சணத்தின் வித்துகளை நல்ல நுரையீரல் சமாளித்துவிடும். கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் புற்றுநோயாளியின் நுரையீரல் சமாளிக்காது. வலிக்காகவும் வாந்திக்காகவும் கஞ்சாவைத் தேடிப் போகிறவர்களில் அப்படிப்பட்ட நோயாளிகளும் உண்டு.

பூச்சிமருந்து சங்கதி இதைவிட மோசம். மைக்ளோபியூட்டனில் என்று ஒரு பூஞ்சைக்கொல்லி. திராட்சைக்கு அடிக்கிறார்கள், வரம்புக்குள் இருந்தால் தின்பவருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் திராட்சையை யாரும் கொளுத்துவதில்லை. அந்த மருந்தைச் சூடாக்கினால் ஹைட்ரஜன் சயனைடு வரும். கனடாவில் உரிமம் பெற்று மருத்துவக் கஞ்சா வளர்த்த நிறுவனங்களின் சரக்கிலேயே 2016 கடைசியில் இது அகப்பட்டது. சரக்கைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பிறகு 2019 ஜனவரி முதல் 96 பூச்சிமருந்துகளுக்கு ஆய்வைக் கனடா கட்டாயமாக்கியது. பூவிலிருந்து எண்ணெய் பிழியும்போது போதைப்பொருள் மட்டும் அடர்த்தியாவதில்லை. பூவில் ஒட்டியிருந்த பூச்சிமருந்தும் சேர்ந்தே அடர்த்தியாகிறது.

சோதனை என்றால் என்ன என்று மலாக்காவின் பத்து பெரண்டாம்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். விமான நிலையத்தை ஒட்டி 1970-களின் தொடக்கத்தில் தடையற்ற வாணிப வட்டாரம் வந்தது. தோட்டத்துப் பெண்கள் பால்வாளியை வைத்துவிட்டுத் தொழிற்சாலை பஸ் ஏறினார்கள். அன்றிலிருந்து இங்கே எத்தனையோ குடும்பங்களுக்கு சிப் சோதிப்பதுதான் சோறு. ஒவ்வொரு சிப்பையும் மின்சாரம் ஏற்றிப் பார்க்கிறார்கள், சூட்டில் போட்டுப் பார்க்கிறார்கள். இங்கே வேலை செய்தவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: உற்பத்திப் பிரிவின் சூப்பர்வைசர் எவ்வளவு கத்தினாலும், தரம் பார்க்கும் கியூசி பிரிவு 'ஹோல்ட்' போட்ட லாட் நகராது. சோதிப்பவர் விற்பவருக்குக் கீழே இருந்தால் அந்தச் சோதனை பெயருக்குத்தான்.

அமெரிக்கா தடுக்கி விழுந்த இடம் இதுதான். நம்மில் பலர் அமெரிக்காவைக் காட்டி, அங்கே எல்லாம் முறையாக நடக்கிறது, ஆய்வகச் சான்றிதழோடு விற்கிறார்கள் என்று பேசுகிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அங்கே மத்திய அரசின் பார்வையில் கஞ்சா பல்லாண்டுகளாகத் தடைசெய்யப்பட்ட பொருள். அதனால் அதில் எந்தப் பூச்சிமருந்து எவ்வளவு இருக்கலாம் என்று மத்திய அரசு வரம்பு வைக்கவில்லை. அனுமதித்த மாநிலங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பட்டியல் போட்டன. ஒரு மாநிலத்தில் தேறாத சரக்கு பக்கத்து மாநிலத்தின் விதிப்படி தேறிவிடலாம். ஆய்வை அரசு செய்யவில்லை, தனியார் ஆய்வகங்களுக்கு விட்டது. அந்த ஆய்வகங்களுக்குக் காசு கொடுப்பவர் யார்? சரக்கை வளர்த்தவரும் விற்பவரும்.

இப்படி ஏற்பாடு செய்துவிட்டு வேறென்ன எதிர்பார்க்க முடியும்? கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சியின் அளவு கூடக் கூட விலையும் கூடும். அதனால் கூடுதல் அளவு எழுதித் தரும் ஆய்வகத்துக்குக் கூட்டம் சேர்ந்தது. பூஞ்சணம் இருக்கிறது என்று நேர்மையாகச் சொன்ன ஆய்வகம் வாடிக்கையாளரை இழந்தது. 2018 நவம்பரில் கலிபோர்னியாவின் சேக்ரமென்டோ நகரில் சிக்கோயா அனலிட்டிக்கல் என்ற ஆய்வகம் பிடிபட்டது. விதிப்படி பார்க்க வேண்டிய 66 பூச்சிமருந்துகளில் 22-க்கு அவர்களுடைய கருவி வேலை செய்யவில்லை. ஆய்வக இயக்குநர் அந்த 22-க்கும் முடிவுகளைத் தானே எழுதிக்கொண்டிருந்தார். ஒருநாள் இருநாள் கூத்தல்ல, ஜூலையிலிருந்து நவம்பர் வரை. அதுவரை அந்த ஆய்வகத்தின் தாளோடு போன சரக்கு எல்லாம் சட்டப்படி 'பாதுகாப்பானது'.

மிச்சிகனில் நடந்தது இன்னும் பெரிது. 2021 நவம்பரில் அந்த மாநிலத்தின் கஞ்சா ஒழுங்குமுறை முகமை விரிடிஸ் என்ற ஆய்வகத்தின் முடிவுகளில் நம்பிக்கையில்லை என்று சொல்லி, அது சோதித்த சரக்கைக் கடைகளிலிருந்து எடுக்க உத்தரவிட்டது. ஏறத்தாழ 64,000 பவுண்டு சரக்கு. மதிப்பு ஏறத்தாழ 22.9 கோடி டாலர். ஆய்வகம் நீதிமன்றம் போய் உத்தரவில் ஒரு பகுதியை நீக்க வைத்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. ஒரு மாநிலத்தின் சந்தையில் அவ்வளவு பெரிய பங்கு ஒரே கம்பெனியின் இரண்டு ஆய்வுக்கூடங்களை நம்பி நின்றது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

2024 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பத்திரிகை எளிமையான ஒரு காரியம் செய்தது. உரிமம் பெற்ற கடைகளில் 42 பொருள்களைக் காசு கொடுத்து வாங்கி, தானே ஆய்வுக்கு அனுப்பியது. 25 பொருள்களில் பூச்சிமருந்து மாநில வரம்பையோ புகையிலைக்கான மத்திய வரம்பையோ மீறியிருந்தது. எல்லாமே தேர்ச்சிச் சான்றிதழோடு அலமாரிக்கு வந்தவை. அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையைப் பத்திரிகைக்காரர்கள் கடைக்குப் போய்ச் செய்தார்கள். வித்தியாசம் சோதனைக்கு யார் காசு கொடுத்தார் என்பதில் இருந்தது. விற்பவர் காசு கொடுத்த சோதனையில் சரக்கு தேறியது, அலமாரியிலிருந்து வாங்கிச் சோதித்தபோது தேறவில்லை.

ஆனாலும், ஓட்டைச் சோதனை சோதனையே இல்லாததைவிட மேல் என்பதை 2019 காட்டியது. அந்த ஆண்டு அமெரிக்காவில் வேப் இழுத்த இளைஞர்கள் மூச்சு முட்டி மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்ததாகவோ இறந்ததாகவோ பதிவானது. அதில் இறந்தவர்கள் 68. பெரும்பாலும் கள்ளச்சந்தையில் வாங்கிய கஞ்சா எண்ணெய்க் குப்பிகள். எண்ணெயைக் கெட்டியாகக் காட்ட வைட்டமின் ஈ அசிடேட் கலந்திருந்தார்கள். தோலில் பூசினால் நல்லது, மாத்திரையாக விழுங்கினால் கேடில்லை, சூடாக்கி நுரையீரலுக்குள் இழுத்தால் எமன். கலந்தவருக்கு இது தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம். விற்பனைக்கு முன்னால் பார்க்க ஆளில்லை.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. தாய்லாந்து 2022 ஜூன் 9-ஆம் தேதி கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. டிஎச்சி 0.2 விழுக்காட்டுக்கு மேல் உள்ள சாறு மட்டும் பட்டியலில் நின்றது. பூவை எப்படி விற்பது, யாருக்கு விற்பது என்பதற்கு முழுமையான சட்டம் வரவே இல்லை. கதவைத் திறந்த பிறகு நிலை எங்கே என்று தேடினார்கள். வாரக் கடைசியில் ஹட்யாய் பஸ் ஏறும் நம்மவர்களுக்கு அந்தப் பச்சை இலை போட்ட கடைகள் தெரியும். பிஸ்கட், டீத்தூள், மிட்டாய் எல்லாவற்றிலும் அந்த இலை. வாங்கித் தின்றுவிட்டு இந்தப் பக்கம் வந்து சிறுநீர்ச் சோதனையில் மாட்டினால் அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, இரண்டாண்டு வரை சிறை. மாமிக்கு வாங்கி வந்த மிட்டாய்ப் பொட்டலம் பையில் இருந்தால் இன்னும் பெரிய வழக்கு. 2025 ஜூனில் தாய்லாந்து சுகாதார அமைச்சு திரும்பி நடந்தது. இனி மருத்துவர் சீட்டு வேண்டும், தரச்சான்று பெற்ற பண்ணையிலிருந்து பூ வர வேண்டும் என்றது. மூன்று ஆண்டு கழித்து எழுதிய அந்த விதியை முதல் நாளே எழுதியிருக்கலாம்.

நம் நாடு மட்டும் ஒழுங்கா? போதையை முத்திரையிட்டு விற்ற அனுபவம் நமக்கும் உண்டு. மலாக்கா சேர்ந்திருந்த நீரிணைக் குடியேற்றங்களில் 1910 முதல் அபின் தயாரிப்பை பிரிட்டிஷ் அரசே கையில் எடுத்தது. சிங்கப்பூர் பாசிர் பாஞ்சாங் தொழிற்சாலையில் சண்டு என்ற புகைக்கும் அபினைக் காய்ச்சி, சிறு குழாய்களில் அடைத்து, சீல் வைத்து விற்றது. சரக்கு ஒரே தரத்தில் இருந்தது உண்மை. ஆனால் அந்த முத்திரை வாங்குபவனின் உடம்புக்காக வைத்ததல்ல. குடியேற்றங்களின் வருவாயில் ஏறத்தாழ பாதி அபினிலிருந்து வந்த ஆண்டுகள் உண்டு. கள்ளச் சரக்கு அந்த வருவாயில் கைவைக்கக் கூடாது என்பதற்கான முத்திரை அது. தோட்டத்துக் கள்ளுக்கடையும் அந்த வகைதான். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடையை மூடு என்பதும் அவர்கள் கோரிக்கையில் இருந்தது. கள்ளின் இடத்தைப் பிறகு சம்சு பிடித்துக்கொண்டது, அதில் என்ன கலந்திருந்தார்கள் என்று குடித்தவர்களுக்குத் தெரியாது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் செத்தார்கள், அவர்களில் நிறையப் பேர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். 2024 ஜூனில் தமிழ்நாட்டுக் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதும் அதே மெத்தனால்.

வேப் விஷயத்தில் நாம் செய்தது இன்னும் விசித்திரம். 2022-ல் வேப் கருவிக்கு சிரிம் சான்றிதழைக் கட்டாயமாக்கினோம். பேட்டரி வெடிக்கக் கூடாது, நல்லது. 2023 மார்ச் 31-ஆம் தேதி திரவ நிகோட்டினை நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து நீக்கினோம், வரி போடுவதற்காக. ஆனால் புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் அமலுக்கு வந்தது 2024 அக்டோபர் 1-ஆம் தேதி. இடையில் பதினெட்டு மாதம். கருவிக்குச் சான்றிதழ் இருந்தது, கருவிக்குள் ஊற்றும் திரவத்துக்குக் கேள்வி இருக்கவில்லை. பள்ளிப் பிள்ளைக்கு விற்றால்கூடத் தடுக்கச் சட்டம் இருக்கவில்லை. இப்போது செயற்கைக் கஞ்சா வேதிப்பொருள் கலந்த வேப் திரவம் பிடிபடும் செய்திகளைப் படிக்கிறோம். அந்த வேதிப்பொருள்கள் செடிக்கஞ்சாவைவிடப் பல மடங்கு வீரியம் கொண்டவை. கஞ்சாவுக்காக வைத்திருக்கும் சாதாரண சிறுநீர்ப் பட்டையில் அவை தெரியாது. சாலைத் தடுப்பில் குப்பி கொடுத்துச் சோதிக்கிறோம், பையன் தேறிவிடுகிறான், அவன் கையிலிருக்கும் வேப்பைப் பெரும்பாலும் சோதிப்பதில்லை.

இத்தனைக்கும் நம்மிடம் ஆய்வகம் இல்லாமல் இல்லை. பெட்டாலிங் ஜெயாவில் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை, சுருக்கமாக என்பிஆர்ஏ, 1978 முதல் இயங்குகிறது. தலைவலி மாத்திரை அட்டையில் 'மால்' என்று தொடங்கும் எண்ணைப் பார்த்திருப்பீர்கள், அது இவர்கள் பதிவு. 1992-லிருந்து பாரம்பரிய மருந்துகளும் இவர்கள் பார்வைக்கு வந்தன. நம் வீட்டு லேகியத்துக்குக்கூட வரம்பு இருக்கிறது: கிலோவுக்கு ஈயம் 10 மில்லிகிராம், ஆர்சனிக் 5, பாதரசம் 0.5, காட்மியம் 0.3. அதற்கு மேல் போனால் பதிவு கிடையாது. மூலிகை என்று எழுதி உள்ளே ஸ்டீராய்டு கலந்த மருந்துகளைக் கடையிலிருந்து எடுத்துச் சோதித்து, பெயரைப் போட்டு எச்சரிக்கிறார்கள். முகத்துக்குப் பூசும் கிரீமில் பாதரசம் இருந்தால் விற்பனையை நிறுத்துகிறார்கள். சித்த வைத்தியர்களில் சிலருக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. செந்தூரமும் பற்பமும் எப்படிச் செய்வது என்று வெள்ளைக்காரன் கருவிக்கு என்ன தெரியும் என்பார்கள். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. ஈயம் யார் மருந்தில் இருந்தாலும் ஈயம்தான்.

கஞ்சா மருந்துக்கும் இதே வாசல்தான் என்று 2021 நவம்பரில் அன்றைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் நாடாளுமன்றத்துக்கு எழுத்துமூலம் சொன்னார். கஞ்சா கலந்த பொருளை மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் பதிந்து, உரிமம் பெற்று, பதிவு பெற்ற மருத்துவர் சீட்டெழுதினால் மருத்துவப் பயன்பாட்டுக்குக் கொடுக்கலாம், சட்டம் தடுக்கவில்லை என்றார். தாளில் கதவு திறந்திருக்கிறது. உலகத்தில் அப்படிப் பதிவான மருந்துக்குப் பஞ்சமுமில்லை. குழந்தைகளின் கடும் வலிப்பு நோய்க்கான எபிடியோலெக்ஸ் என்ற மருந்தை, கஞ்சாச் செடியிலுள்ள போதை தராத சிபிடி என்ற பொருளால் ஆனதை, அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018 ஜூனில் அனுமதித்தது. விலைதான் இடி, வெளியானபோது ஆண்டுக்குச் சுமார் 32,500 டாலர். மலாக்காவில் மாதச் சம்பளக்காரர் எவர் வாங்குவார்?

வாங்க முடியாதவர் டெலிகிராமில் குப்பி வாங்குவார். அந்தக் குப்பியில் என்ன இருக்கும்? அமெரிக்க ஆய்வாளர்கள் இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருள்களை வாங்கிச் சோதித்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தது 26 பொருள்களில் மட்டும். 18-ல் போதை தரும் டிஎச்சி இருந்தது. வலிப்புக்காரக் குழந்தைக்குக் கொடுக்கும் சொட்டுமருந்து இது. குறைவாக இருந்தால் வலிப்பு நிற்காது, டிஎச்சி இருந்தால் குழந்தைக்குப் போதை ஏறும், அம்மாவுக்கு வழக்கு வரும். இந்த எண்ணெயை நோயாளிகளுக்குக் கொடுத்த ஒருவருக்கு 2018 ஆகஸ்டில் ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்ததும், அன்றைய பிரதமர் மகாதீர் அந்தத் தண்டனையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றதும் பலருக்கு நினைவிருக்கலாம். அந்த வழக்கிலும் எண்ணெய் அளக்கப்பட்டது. அதைக் குடித்த நோயாளிகளுக்கு நல்லதா கெட்டதா என்பது சட்டத்தின் கேள்வியாக இல்லை.

சோதனை செய்தால் அரசாங்கம் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்று சொல்பவர்கள் நம்மில் அதிகம். கோயில் கமிட்டிக் கூட்டத்திலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் இதைத்தான் கேட்கிறேன். பயம் நியாயமானது, கவர்ச்சியான பொட்டலத்தில் அரசு முத்திரை விழுந்தால் அதைவிடப் பெரிய விளம்பரம் இல்லை. அதனால்தான் கடைச் சரக்கு வேண்டாம், மருந்து மட்டும் என்கிறேன். மருந்து அட்டையில் மால் எண் இருப்பதால் யாரும் ஸ்டீராய்டை மிட்டாயாகத் தின்பதில்லை.

என்பிஆர்ஏ கஞ்சா மருந்துக்கென்று தனி வரம்புப் பட்டியல் போடட்டும், மைக்ளோபியூட்டனில் உட்பட. பதிவுக் கட்டணத்தோடு ஆய்வுக் கட்டணத்தையும் கம்பெனியிடம் முன்கூட்டியே வாங்கிப் பொது நிதியில் போடட்டும். எந்த ஆய்வகம் சோதிப்பது என்பதைக் கம்பெனி தேர்ந்தெடுக்கக் கூடாது. பதிவுக்கு ஒரு முறை பார்த்ததோடு விடாமல், ஆண்டுதோறும் மருந்தகத்து அலமாரியிலிருந்து அதிகாரியே எடுத்துச் சோதித்து முடிவை மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் நான்கிலும் வெளியிட வேண்டும். வேப் திரவத்துக்கும் இதே முறை வேண்டும். அதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை என்று நினைக்கிறேன், 2024-ன் சட்டத்தை மனத்தோடு அமல்படுத்தினால் போதும்.

இன்னொன்று அவசரம். இன்று ஒரு தாய், தான் வாங்கிவிட்ட எண்ணெய்க் குப்பியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் அவளுக்கு வழி கிடையாது. குப்பியை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டு இறங்கும்போதே அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி கஞ்சா வைத்திருந்த குற்றம், ஐந்தாண்டு வரை சிறை. அதனால் அவள் யாரையும் கேட்கமாட்டாள், குழந்தைக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். அரசு மருத்துவமனையின் குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் அப்படி ஒப்படைக்கும் குப்பிக்கு வழக்கு இல்லை, அவர் அதை இரசாயனத் துறைக்கு அனுப்பி முடிவைத் தாயிடம் சொல்லலாம் என்று சட்டத்தில் ஒரு திருத்தம் போதும். மலாக்காவின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஆறு பேர். அடுத்த கூட்டத்தொடரில் அவர்களில் ஒருவராவது இதைச் சுகாதார அமைச்சரிடம் கேட்கட்டும்.